ஓட்டுக்கு மேலே யார்?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில், என் மாமனார் காலத்து வீட்டில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். முன்கட்டு மெத்தை வீடு, பின்கட்டு மங்களூர் ஓடு. பக்கத்து வீட்டுப் பாதாம் மரத்தின் கிளை ஓட்டின்மேல் சாய்ந்திருக்கிறது. ஓட்டுக்கும் அதன் அடியில் அடித்திருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு மாதமாக இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கேட்கிறது. எலி ஓடுகிற சத்தம் இல்லை. யாரோ காலை ஊன்றி நடப்பதுபோல இருக்கிறது. அமாவாசைக்கு முந்தைய இரவு என் கணவர் மாடிக்குப் போய் டார்ச் அடித்தார். கைப்பிடிச் சுவரின்மேல் கறுப்பாக, பூனையைவிட நீளமாக, உடம்பளவு வாலுடன் ஒன்று நின்றது. திரும்பிப் பார்த்துவிட்டு கேபிள் கம்பியில் ஏறிப் போய்விட்டது. அமாவாசையை ஒட்டித்தான் சத்தம் அதிகம், கூடவே சோறு வடிக்கிற வாசனையும் வருகிறது, இது நல்லதற்கில்லை என்று சொல்லி மாமியார் வாசலில் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டார். தெருவில் ஒருவர் கீரி என்கிறார். இன்னொருவர் சிறுத்தைக் குட்டி என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். எதிர்வீட்டில் புறா வளர்க்கும் தம்பி, ஒரு புறாவைக் காணவில்லை, விஷம் வைக்கப் போகிறேன் என்கிறார். பிடித்துத் தருவதாக வந்த ஒருவர் பலகைச் சந்தில் டார்ச் அடித்துப் பார்த்து, “இது கடுவன், குட்டி கிடையாது. மூவாயிரம் கொடுத்தால் பிடித்துப் புழல் ஏரிப் பக்கம் விட்டுவிடுகிறேன்” என்றார். வீட்டில் கொழுந்தனாரின் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் மட்டும், வாழைப்பழம் வைத்துப் பழக்கலாம் என்கிறான். என்ன செய்வது?

— வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: அம்மா, முதலில் உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள், அவருடைய மூக்கில் ஒரு குறையும் இல்லை. அவர் முகர்ந்தது மரநாயை.

மரநாயின் வாலுக்கு அடியில் வாசனைச் சுரப்பி உண்டு. போகிற வழியில், உட்கார்ந்த இடத்தில் அதைத் தேய்த்துவிட்டுப் போகும். ‘இது என் வழி’ என்று மற்ற மரநாய்களுக்கு அது எழுதி வைக்கிற விலாசம் அது. அந்த வாசனை பலருக்கும் வாசனை அரிசி வேகிறதுபோலத் தோன்றும். வங்காளத்தில் இதற்குக் ‘கந்தகோகுல்’ என்றே பெயர். பெயரிலேயே கந்தம் இருக்கிறது. மலாய்க்காரர்கள் தேங்காய்ப்பால் சோற்றில் போடுகிற பாண்டான் இலையின் பெயரைச் சேர்த்து ‘முசாங் பாண்டான்’ என்கிறார்கள். உருளைக்கிழங்கு வேகிற வாசனை வந்தால் பாம்பு இருக்கிறது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். கால்நடை மருத்துவனாக நாற்பது ஆண்டுகளில் அப்படி ஒரு பாம்பை நான் சந்தித்ததில்லை. ஆனால் சோற்று வாசனைக்குச் சொந்தக்காரர் உண்மையிலேயே இருக்கிறார்.

அமாவாசைக் கணக்கிலும் மாமியார் பக்கமே நியாயம் இருக்கிறது. நிலவு நன்றாக அடிக்கிற இரவுகளில் மரநாய் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். இருட்டு கூடினால் தாராளமாக உலாவும். ஆகவே அமாவாசையை ஒட்டிச் சத்தம் அதிகம் என்று அவர் கவனித்தது சரி, அதற்குக் காரணம்தான் வேறு. எலுமிச்சம்பழம் தொங்கட்டும், அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

இனி கீரி, சிறுத்தை விவகாரம். கீரி பகல் நேரத்து ஆள். பொழுது சாய்ந்தால் வளைக்குள் போய்ப் படுத்துவிடும். கேபிள் கம்பியில் கழைக்கூத்தாடிபோல நடக்கிற வித்தையும் அதற்குக் கிடையாது. சிறுத்தைக் குட்டி என்று போட்டவர் அந்தப் பதிவை அழித்துவிட்டால் தெருவுக்கு நல்லது. இப்படி ஒரு வதந்தியில் கம்பும் கடப்பாரையுமாகக் கூட்டம் கூடி, மூன்று கிலோ எடையுள்ள ஒரு மரநாயைச் சுற்றி நின்றதை நான் வியாசர்பாடிப் பக்கம் பார்த்திருக்கிறேன். அன்று அந்தக் கூட்டத்தில் அதிகம் பயந்திருந்தது அதுதான்.

வளர்ந்த மரநாய் இரண்டு முதல் ஐந்து கிலோ எடை இருக்கும். உடம்பு ஏறக்குறைய ஒன்றே முக்கால் அடி, வாலும் கிட்டத்தட்ட அதே நீளம். சாம்பல் கலந்த பழுப்பு ரோமம், கறுத்த கால்கள், கண்ணைச் சுற்றி முகமூடி கட்டியதுபோலக் கறுப்பும் வெளுப்பும். கிட்டத்தில் பார்த்தால் முதுகில் மூன்று மங்கலான கோடுகள் தெரியும். வாலில் வளையங்கள் இருக்காது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், வாலில் கறுப்பும் வெளுப்புமாக வளையம் வளையமாக இருப்பது புனுகுப்பூனை. அது வேறு விலங்கு, பெரும்பாலும் தரையில் திரிவது. கோயில்களில் சாத்துகிற புனுகு அதிலிருந்து வருவது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, “உங்கள் கூரையில் புனுகு இருக்கிறது, நல்ல விலைக்குப் போகும்” என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்துங்கள்.

பெயரில்தான் நாய். உறவுமுறையில் அது பூனைப் பக்கத்துத் தூரத்துச் சொந்தம். நாய்க்கும் அதற்கும் அவ்வளவு நெருக்கம் இல்லை. 1777இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த பல்லாஸ் என்ற ஜெர்மானிய அறிஞருக்கே இதன் உடம்பு பெரிய குழப்பமாக இருந்திருக்க வேண்டும். ‘ஹெர்மாஃப்ரொடைட்டஸ்’, அதாவது ஆணும் பெண்ணும் ஒன்றானது என்று ஒரு பெயர் அதற்கு விழுந்தது. உண்மை என்னவென்றால், இதில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. நான் மேலே சொன்ன அந்த வாசனைச் சுரப்பி இரண்டுக்கும் வாலடியில் விதைபோலவே புடைத்துக்கொண்டிருக்கும். பெண்ணைப் பார்த்தாலும் கடுவன்போலத்தான் தெரியும்.

உங்கள் வீட்டுப் பலகைச் சந்தில் டார்ச் அடித்துப் பார்த்து, “கடுவன், குட்டி கிடையாது” என்று ஐந்து நொடியில் தீர்ப்புச் சொன்னாரே ஒருவர், அவருக்கும் இந்தக் குழப்பம்தான். கையில் எடுத்து, மயக்க ஊசி போட்டுப் பார்க்கிற மருத்துவனே நிதானித்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது. ஒரே இடத்தில் ஒரு மாதமாக இரவுதோறும் வந்து போகிறது என்றால், எனக்கு எதிர்ப்பக்கம்தான் சந்தேகம் வருகிறது. மேலே குட்டிகள் இருக்கலாம். மரநாய்க்குக் குட்டி போட மரப்பொந்து வேண்டும்; பொந்து கிடைக்காத ஊரில் ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இருட்டைவிட நல்ல பிரசவ அறை வேறு எது?

அந்த மூவாயிரம் ரூபாயைக் கொடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மரநாய்க்கும் உண்டு. பிடிப்பது, கூண்டில் அடைப்பது, கொண்டுபோய் வேறு இடத்தில் விடுவது எதையும் வனத்துறையின் அனுமதி இல்லாமல் செய்ய முடியாது, விற்கவே கூடாது. பிடிக்கிறவர் மட்டும் இல்லை, காசு கொடுத்துப் பிடிக்கச் சொன்னவரும் மாட்டிக்கொள்வார். சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் அது பயனில்லாத வேலை. புழல் ஏரிக்கரையில் விடப்படுகிற மரநாய்க்கு அங்கே எந்த மரத்தில் பழம், எந்தச் சுவரில் ஓட்டை, எந்தத் தெருவில் நாய் என்று எதுவும் தெரியாது. ஏற்கெனவே அங்கே இருக்கிற மரநாய் அதை வரவேற்கவும் செய்யாது. சாலையில் அடிபட்டு வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு என்னிடம் வந்தவற்றில் எத்தனை இப்படி ‘காட்டில் விடப்பட்டவை’ என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். இங்கே ஓட்டை அப்படியே திறந்திருக்கும். இரண்டு மாதத்தில் அடுத்த மரநாய் குடிவரும். அவரும் அடுத்த மூவாயிரத்துக்கு வருவார்.

பிடிக்க வேண்டாம், அடைக்க வேண்டும். ஆனால் எப்போது அடைப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைப்படத் தக்கது இல்லை. தொண்ணூறுகளில் ராயபுரத்தில் இதேபோல ஓர் ஓட்டு வீடு. படித்து வந்த மிடுக்கு எனக்கு. மரநாய் இரவு எட்டு மணிக்கு வெளியே போவதைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டு, போன பத்து நிமிடத்தில் கொத்தனாரை வைத்து ஓட்டையைச் சிமென்டு பூசி அடைத்தேன். வீட்டுக்காரர் காபி கொடுத்து வழியனுப்பினார். மூன்றாம் நாள் விடியற்காலையில் ஆள் அனுப்பினார்கள். அந்த விலங்கு வெறி பிடித்ததுபோல ஓடுகளைப் பிறாண்டிப் பெயர்க்கிறது, வீட்டுக்குள் பாயப் பார்க்கிறது என்றார்கள். போய்ப் பலகையைக் கழற்றினோம். உள்ளே கண் திறந்தும் திறக்காததுமாய் இரண்டு குட்டிகள். ஒன்று செத்திருந்தது. வெளியே பிறாண்டியது வெறியும் இல்லை, பாய்ச்சலும் இல்லை; பால் கட்டிய தாய்.

உயிரோடு இருந்ததை ஒரு காய்கறிக் கூடையில் பழைய துணி போட்டு, பெயர்ந்த ஓட்டின் பக்கத்திலேயே வைத்துவிட்டு எல்லோரையும் கீழே அனுப்பினேன். பதினொரு மணி சுமாருக்கு வந்து, கழுத்தைக் கவ்வி எடுத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து எந்தக் கூரையையும் கேட்காமல் அடைப்பதில்லை. கேட்பது என்றால் காது வைத்துக் கேட்பதுதான். நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும்.

பலகைக்கு அடியில் ஒரு நாற்காலி போட்டு, தாய் வெளியே போன பிறகு அரை மணி நேரம் டி.வி.யை நிறுத்திவிட்டு உட்காருங்கள். கீச்சென்றோ முனகலாகவோ மெல்லிய சத்தம் கேட்டால் குட்டி இருக்கிறது. ஒருநாள் கேட்டது போதாது, நான்கைந்து இரவு கேட்க வேண்டும். குட்டி இருந்தால் பொறுத்துத்தான் ஆக வேண்டும். ஒரு ஈற்றில் இரண்டிலிருந்து ஐந்து குட்டிகள்வரை போடும். அவை தாயின் பின்னால் வெளியே நடமாட இரண்டு மூன்று மாதம் ஆகும். அவசரம் என்றால் தாயையே இடம் மாற்ற வைக்கலாம். பலகைச் சந்தில் இரவு பகலாக ஒரு விளக்கை எரியவிடுங்கள், ஒரு பழைய ரேடியோவைப் பாட விடுங்கள். இருட்டும் அமைதியும் போன இடத்தில் அது நெடுநாள் தங்காது. ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு வேறு இடம் பார்த்துவிடும். புகை போடாதீர்கள், பழைய மரச்சட்டமும் பலகையும் உள்ள கூரையில் புகை போட்டுத் தீயணைப்பு வண்டி வந்த வீடுகள் உண்டு.

குட்டி இல்லை என்றோ, எல்லாம் போய்விட்டது என்றோ தெரிந்த பிறகு உங்கள் வீட்டில் இருக்கிற பொருளே போதும். அது வந்து போகிற ஓட்டையின் வாயிலும், கைப்பிடிச் சுவரின்மேலும் கோலமாவைத் தூவி வையுங்கள். காலையில் தடம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று பாருங்கள். வெளியே போன தடம் மட்டும் இருந்து, உள்ளே வந்த தடம் மூன்று இரவுகள் தொடர்ந்து இல்லை என்றால் வீடு காலி. அப்போது, அதுவும் இரவு ஒன்பது மணிக்கு மேல், அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் கம்பி வலையை வைத்து அடித்து, அதன்மேல் பூசுங்கள். துணி, தெர்மோகோல், பிளாஸ்டிக் வலை எதுவும் அதன் நகத்துக்கு நிற்காது. பெரியவர்களின் கைமுட்டி நுழைகிற சந்து எல்லாமே அதற்கு வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடு உடைந்த இடம், சுவரும் ஓடும் சேருமிடம், பழைய புகைப்போக்கி எல்லாவற்றையும் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பாதாம் கிளையை உங்கள் ஓட்டிலிருந்து ஆறடி தள்ளி நிறுத்தி வெட்டச் சொல்லிக் கேளுங்கள். மரத்தை வெட்டச் சொல்லாதீர்கள். கிளையைக் கேட்டால் கொடுப்பார்கள், மரத்தைக் கேட்டால் சண்டைதான் வரும்.

அந்தப் பாதாம் மரத்தைப் பற்றி இன்னொன்று. காலையில் மாடியில் சப்பிப்போட்ட பாதாம் பழத்தோல் கிடந்தால் அது பெரும்பாலும் பழந்தின்னி வௌவாலின் வேலை. மரநாய் சுவர் விளிம்பு, படிக்கட்டு மூலை மாதிரித் திறந்த இடமாகப் பார்த்து எச்சம் போடும். அதில் பழ விதைகள் முழுசு முழுசாக இருக்கும். சப்போட்டா, கொய்யா, அத்தி, ஆலம்பழம் எல்லாம் அதன் வயிற்றைக் கடந்து முளைக்கிற விதைகள். இந்தோனேசியாவில் இதன் எச்சத்திலிருந்து காப்பிக்கொட்டையைப் பொறுக்கிக் கழுவி வறுத்து அநியாய விலைக்கு விற்கிறார்கள். வண்ணாரப்பேட்டையில் காப்பிச் செடி இல்லாதது உங்கள் மரநாயின் அதிர்ஷ்டம். எச்சத்தைச் சுத்தம் செய்யும்போது உலர்ந்ததைப் பெருக்கிப் பறக்கவிடாதீர்கள். தண்ணீர் தெளித்து, கையுறை போட்டு வழித்தெடுத்துப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுங்கள்.

மூலக்கொத்தளம், ராயபுரம், பெரம்பூர், அயனாவரம் என்று வடசென்னை முழுவதிலிருந்தும் எனக்கு மரநாய் அழைப்புகள் வந்திருக்கின்றன. எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “இந்த நெரிசலில் இது எப்படி வந்தது?” அது எங்கிருந்தும் வரவில்லை. மயானத்து மரங்கள், ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைக் குடியிருப்பின் தூங்குமூஞ்சி மரங்கள், துறைமுகத்துப் பழைய கிடங்குகள், ரயில்வே நிலத்து முட்புதர், ஓட்டுக் கூரை உள்ள பள்ளிக்கூடங்கள் என்று இங்கேயே பல தலைமுறையாக இருக்கிறது. தென்னையும் பனையும் இருந்த காலத்தில் கள் பானையில் வாய் வைத்துத் திட்டு வாங்கியதும் இதுதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்ததே, அதில் விழுந்த மரங்களில் பொந்து விழுந்த கிழட்டு மரங்கள் எத்தனையோ. நட்ட கன்றுகளில் பொந்து விழ இன்னும் ஐம்பது ஆண்டு ஆகும். அதுவரை ஓட்டு வீடுதான். ஓட்டு வீடுகளும் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு அடுக்கு வீடாகின்றன. உங்கள் தெருவில் இன்னும் எத்தனை ஓட்டுக் கூரை மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள், உங்கள் வீட்டை அது ஏன் பிடித்துக்கொண்டது என்று விளங்கும்.

குழந்தையைப் பற்றிக் கேட்டீர்கள். மரநாய் மனிதரைத் தேடி வந்து கடிக்கிற விலங்கு இல்லை. மூலையில் மாட்டிக்கொண்டால், கையால் தூக்கப் போனால், குட்டியைத் தொட்டால் கடிக்கும்; கடி ஆழமாகவே இறங்கும். ஆகவே குழந்தையைத் திறந்த மாடியில் தனியாகப் படுக்கவிட வேண்டாம். பின்கட்டு ஜன்னலுக்கு வலை அடியுங்கள். தப்பித் தவறிக் கடியோ நகக் கீறலோ பட்டால் பாலூட்டி எதுவானாலும் வெறிநோய்க் கணக்கில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் முழுசாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைத்துக் கட்டாதீர்கள். நேரே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். உங்களுக்குக் கூப்பிடு தூரம். ஊசியை அவர்கள் சொல்கிற எல்லா நாளும் போட வேண்டும். இரண்டு போட்டதும் புண் ஆறிவிட்டது என்று நிறுத்துகிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். பகல் வெளிச்சத்தில் தள்ளாடிக்கொண்டு, மனிதரைக் கண்டு விலகாமல் வருகிற மரநாயைக் கண்டால் மட்டும் பக்கத்தில் போகாமல் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். கிண்டியிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

எதிர்வீட்டுத் தம்பிக்கு நீங்கள் சொன்னால் கேட்பாரோ மாட்டாரோ, நான் சொன்னதாகச் சொல்லுங்கள். புறா என்றால் வடசென்னையில் சும்மா பொழுதுபோக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். பந்தயத்துக்கு விடுகிற ஹோமரை, குட்டிக்கரணம் போடுகிற கர்ணப்புறாவைப் பிள்ளைபோல வளர்க்கிறவர்களின் மாடிகளில்தான் என் தொழிலின் பாதி கழிந்தது. புறா போன வருத்தம் நியாயமானது, மரநாய் எடுத்திருக்கவும் கூடும். எலியையும் புறாவையும் அது வித்தியாசம் பார்க்காது. ஆனால் பூனையும் எடுக்கும், வல்லூறும் எடுக்கும், திரும்பி வராமல் வேறொருவர் கூண்டில் இறங்கிய ஹோமர்களின் கதையும் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். விஷம் வைத்தால் முதலில் சாகப்போவது தெருப்பூனையும் காக்கையும். அந்த விஷத்தைத் தின்று அடுத்த மாடியில் விழுகிற புறா யாருடையதோ! சட்டப்படியும் அது மரநாயைக் கொன்ற குற்றமாகத்தான் போகும், சிறைவரை. அதற்குச் செலவழிக்கிற காசில் கூண்டின் கோழிவலையை மாற்றச் சொல்லுங்கள். கோழிவலைக் கம்பி மெல்லிசு, இழுத்தால் விரியும். உங்கள் ஓட்டைக்குச் சொன்ன அதே வெல்டு மெஷ், அடியிலும் பலகை, கதவுக்குக் கொண்டிக்குப் பதிலாகத் தாழ்ப்பாள். மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு புறாவும் வெளியே இருக்கக் கூடாது. கூண்டுக்கடியில் சிந்துகிற தானியத்தைத் தினமும் கூட்டச் சொல்லுங்கள். தானியத்துக்கு எலி வருகிறது, எலிக்கு மரநாய் வருகிறது. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே நாளில் ஒரே கொத்தனாரை வைத்து வேலை பார்த்தால் கூலியும் குறையும், உறவும் வளரும்.

மகனிடம் வாழைப்பழம் வேண்டாம் என்று சொல்லுங்கள். வைத்தால் தின்னும், அதுதான் சங்கடம். தின்றுவிட்டு மறுநாள் அதே நேரத்துக்கு வரும். நீங்கள் ஊருக்குப் போன வாரத்தில் அடுத்த வீட்டு அடுப்படிக்குப் போகும். அங்கே கட்டையால் அடி வாங்கும். குட்டியாக எடுத்து வளர்த்து, ஒரு வயதில் வளர்த்தவர் கையையே கடித்துவிட்டது என்று கொண்டுவந்த மரநாய்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவற்றைத் திரும்பக் காட்டில் விடவும் முடியாது, வீட்டில் வைக்கவும் முடியாது. பார்க்கிற ஆசை இருக்கிறது இல்லையா, அதைக் கெடுக்க வேண்டாம். டார்ச்சின்மேல் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றிக்கொண்டு, படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால் சத்தமில்லாமல் உட்காரச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு வந்தது, எந்தக் கம்பியில் போனது, நிலவு எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதட்டும். பாட்டியின் அமாவாசைக் கணக்கை அவனே சோதித்துப் பார்க்கலாம். மூன்று மாதம் எழுதினால் பாட்டி ஜெயிப்பாரா என்று தெரிந்துவிடும்.

இரவில் கூரையிலிருந்து வருகிற சத்தமெல்லாம் மரநாய் இல்லை என்பதும் அவனுக்குத் தெரியட்டும். துணியைக் கிழிப்பதுபோல நீளமாகக் கரகரவென்று கத்தினால் அது கூகை. இதய வடிவத்தில் வெள்ளை முகம், எலி பிடிப்பதில் மரநாய்க்குப் போட்டியாளர். பகலில் காசிமேட்டுக்குப் போனால் படகுகளுக்கு மேலே செம்பருந்து வட்டமிடும். தை, மாசி, பங்குனியில் கடற்கரையில் முட்டையிட பங்குனி ஆமை ஏறும். எண்ணூர் கழிமுகத்தில் கூழைக்கடா உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்தபோது, இறகெல்லாம் கறுத்துப் போய்ப் பறக்க முடியாமல் நின்றவை அவைதான். இன்னும் வடக்கே பழவேற்காட்டில் குளிர்காலத்தில் பூநாரை. கிண்டிப் பூங்காவில் மான் பார்த்துவிட்டு, சென்னையில் காடு என்றால் தெற்கேதான் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நமக்குக் கூட்டம் குறைவாக இருப்பது நல்லதுதான்.

ஒன்று மட்டும் அவன் எனக்குச் செய்ய வேண்டும். கோலமாவில் விழுகிற முதல் தடத்தைப் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஐந்து விரல் பதிந்திருந்தால் மரநாய். நான்குதான் என்றால் எதிர்வீட்டுக் கறுப்புப் பூனை எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறது. நான் இந்தப் பதிலை முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும்.

— கால்நடை மருத்துவர் (ஓய்வு), பெரம்பூர்